‘ஃபார்முலா தெரியும்... எப்போ போடணும்னுதான் தெரியலை!’ - இன்ஜினீயரிங் மாணவர்களை ப்ராபபிலிட்டி குழப்புவது ஏன்?

60 பேர் படிக்கும் ஒரு கிளாஸ். அதில் ஒரே தேதியில் பிறந்த இரண்டு பேராவது இருக்க எவ்வளவு வாய்ப்பு? வருடம் பொருந்த வேண்டாம், தேதியும் மாதமும் பொருந்தினால் போதும்.

‘வருஷத்துக்கு 365 நாள், கிளாஸ்ல 60 பேர்... ஒரு 16 சதவிகிதம்?’ என்றுதான் மனக்கணக்கு ஓடும். சரியான விடை 99.4 சதவிகிதம். அதாவது, இப்படி 1,000 வகுப்புகளை எடுத்தால், சுமார் 994 வகுப்புகளில் ஒரு ஜோடியாவது சிக்கிவிடும்.

எப்படி? நாம் ஆட்களை எண்ணினோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 60 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 1,770 ஜோடிகள் வரும். ஒரு ஜோடிக்குப் பிறந்தநாள் பொருந்தும் வாய்ப்பு 365-ல் 1 மட்டுமே. ஆனால், அந்த வாய்ப்பு 1,770 இடங்களில் இருக்கிறதே! 23 பேர் இருந்தாலே வாய்ப்பு 50 சதவிகிதத்தைத் தாண்டிவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘என் பிறந்தநாளில் இந்த கிளாஸில் வேறு யாராவது பிறந்திருக்கிறார்களா?’ என்று கேட்டிருந்தால், விடை சுமார் 15 சதவிகிதம். ஆக, மனசு போட்ட கணக்கு ஒன்றும் மோசமில்லை. அது பதில் சொன்ன கேள்விதான் வேற!

ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் பல இன்ஜினீயரிங் மாணவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். கணக்கு போடத் தெரியாமல் இல்லை. ‘எதில் எத்தனை?’ என்ற கேள்வியைக் கேட்காமலேயே கணக்கை ஆரம்பித்துவிடுவதுதான் சிக்கல்.

ஸ்கூலிலேயே படித்ததுதானே?

ஆமாம். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 10-ம் வகுப்பிலேயே நிகழ்தகவு வந்துவிடுகிறது. 11-ம் வகுப்பு கணிதத்தில் பேயஸ் தேற்றம், 12-ல் ஈருறுப்புப் பரவல் எல்லாம் உண்டு.

காலேஜில் இது டிபார்ட்மென்ட்டைப் பொறுத்து வெவ்வேறு பெயரில் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் பல பிரிவுகளுக்கு இரண்டாம் செமஸ்டரிலேயே ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ்’ இருக்கிறது. சில பிரிவுகளுக்கு அடுத்தடுத்த செமஸ்டர்களில் ‘ப்ராபபிலிட்டி அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’, ‘ரேண்டம் ப்ராசஸஸ்’ என்று தொடரும். சீனியர்களைக் கேட்டால் ‘ப்ராபபிலிட்டி அண்ட் குயூயிங் தியரி’ என்ற பெயரைச் சொல்வார்கள்.

பிறகு ஏன் கஷ்டமாகத் தெரிகிறது? கால்குலஸ் கணக்கில் கேள்வியே கட்டளையாக இருக்கும். ‘இதை இன்டக்ரேட் செய்’ என்று சொல்லிவிடுவார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. செய்து முடிப்பதுதான் வேலை.

இங்கே கேள்வி ஒரு கதையாக வரும். ‘ஒரு சுவிட்ச்போர்டுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 3 அழைப்புகள் வருகின்றன...’ என்று தொடங்கும். அந்தக் கதையைக் கணக்காக மாற்றுவதுதான் பாதி வேலை. பரீட்சைக்கு முந்தைய நாள் ஹாஸ்டலில் இதற்கு ஒரு குறுக்குவழி ஓடும். ‘மச்சி, சராசரி குடுத்தா பாய்சான், இத்தனை தடவைன்னு குடுத்தா பைனாமியல், சாம்பிள் 30-க்குக் கீழ இருந்தா டி-டெஸ்ட்!’

இதை வைத்து 16 மார்க் கேள்வியை எழுதிவிடலாம். பாஸும் ஆகிவிடலாம். வேலைக்குப் போன பிறகுதான் பிரச்னை. அங்கே யாரும் ‘சாம்பிள் 30-க்குக் கீழே’ என்று எழுதித் தர மாட்டார்கள்.

90% துல்லியம்... ஆனால், 85% தப்பா?

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. 100 போல்ட்டில் 1 பழுதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு ஏஐ கேமரா வாங்குகிறார்கள். பழுதான போல்ட் வந்தால், 90 சதவிகிதம் கண்டுபிடித்துவிடும். ஆனால், நல்ல போல்ட்டிலும் 5 சதவிகிதத்தை ‘பழுது’ என்று தவறாகச் சொல்லிவிடும்.

இப்போது கேமரா ஒரு போல்ட்டைப் பார்த்து சிவப்பு விளக்கைப் போடுகிறது. அது நிஜமாகவே பழுதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

‘அதான் 90-ன்னு சொல்லிட்டீங்களே’ என்று தோன்றும். பேயஸ் தேற்றத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, போல்ட்டுகளை எண்ணிப் பார்ப்போம்.

மொத்தம் 10,000 போல்ட்டுகள். அதில் பழுது 100. கேமரா பிடிப்பது 90. மிச்சம் 9,900 நல்ல போல்ட்டுகள். அதில் 5 சதவிகிதம், அதாவது 495 போல்ட்டுகளுக்கும் சிவப்பு விளக்கு எரியும். ஆக, மொத்தம் 585 முறை விளக்கு எரிகிறது. அதில் நிஜமான பழுது வெறும் 90. சுமார் 15 சதவிகிதம்!

கேமரா பொய் சொல்லவில்லை. ‘பழுதான போல்ட்டுகளில் எத்தனைக்கு விளக்கு எரியும்?’ என்பது ஒரு கேள்வி. ‘விளக்கு எரிந்த போல்ட்டுகளில் எத்தனை பழுது?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்வியின் விடை 90 சதவிகிதம். இரண்டாவதன் விடை 15. இந்த வித்தியாசம் புரியாத இன்ஜினீயர், நல்ல போல்ட்டுகளை எல்லாம் குப்பைக்கு அனுப்புவார். அல்லது, ‘இது சும்மா சும்மா எரியும்பா’ என்று விளக்கையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். இரண்டுமே ஆபத்துதான்.

மருத்துவப் பரிசோதனை, வங்கி மோசடி எச்சரிக்கை, ஸ்பேம் ஃபில்ட்டர் என எல்லாவற்றிலும் இருப்பது இதே கணக்குதான். 11-ம் வகுப்பில் படித்த அதே பேயஸ்!

‘95% பிளேஸ்மென்ட்’ - எதில் 95?

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். ஒரு காலேஜில் 300 பேர் இறுதியாண்டு படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 பேருக்கு அரியர் இருப்பதால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியவில்லை. 60 பேர் மேற்படிப்பு, சொந்தத் தொழில் என்று பதிவு செய்யவில்லை. மிச்சம் 140 பேரில் 133 பேருக்கு வேலை கிடைத்துவிட்டது.

133-ஐ 140-ஆல் வகுத்தால் 95 சதவிகிதம். 300-ஆல் வகுத்தால் 44 சதவிகிதம். இரண்டுமே சரியான கணக்கு. விளம்பரப் பலகையில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை!

‘சராசரி பேக்கேஜ் 8 லட்சம்’ என்பதும் அப்படித்தான். 10 பேரில் 9 பேருக்கு 4 லட்சம், ஒருவருக்கு மட்டும் 44 லட்சம் என்றால், சராசரி 8 லட்சம் வந்துவிடும். ஆனால், அந்த 8 லட்சத்தை வாங்குபவர் அங்கே ஒருவர்கூட இல்லை. சம்பளங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்கும் இடைநிலை அளவு, அதாவது மீடியன், 4 லட்சம் என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடும். முதல் யூனிட்டில் ‘ஈஸியான 2 மார்க்’ என்று கடந்துபோகிறோமே, அதே மீடியன்தான்.

கண்ணில் படாத தகவல் பறித்த 7 உயிர்கள்

‘எதில் எத்தனை?’ என்ற கேள்வியை விட்டதால் என்ன ஆகும் என்பதற்கு, பொறியியல் உலகம் மறக்காத ஓர் உதாரணம் இருக்கிறது.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் ‘சேலஞ்சர்’ விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் உயிரிழந்தனர். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ‘ஓ-ரிங்’ எனும் ரப்பர் வளையம், குளிரில் தன் வேலையைச் செய்யத் தவறியதுதான் காரணம்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர்களுக்கும் நாசாவுக்கும் இடையே தொலைபேசியில் நீண்ட விவாதம் நடந்தது. ‘இவ்வளவு குளிரில் ஏவ வேண்டாம்’ என்று பொறியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முந்தைய பயணங்களில் வளையம் சேதமான விவரங்களையும் முன்வைத்தார்கள். ஆனால், அந்தப் பட்டியலில் 12 டிகிரி செல்சியஸ் குளிரிலும் சேதம் இருந்தது, 24 டிகிரியிலும் சேதம் இருந்தது. அதைப் பார்த்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருப்பது போலவே தெரியாது. கடைசியில் நிறுவன நிர்வாகம் பச்சைக்கொடி காட்டியது.

சேதமே ஆகாத பயணங்கள் அந்தப் பார்வையில் இடம்பெறவில்லை. அதுதான் விடுபட்ட தகவல். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம், எல்லாப் பயணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில், சேதம் ஏற்பட்டது 3-ல் மட்டுமே. சுமார் 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில், நான்கிலுமே சேதம்!

விபத்து நடந்த காலையில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. இந்தக் கணக்குக்குப் பெரிய ஃபார்முலா எதுவும் தேவைப்படவில்லை. வகுத்தலில் கீழே வரும் எண்ணை மறக்காமல் எழுதியிருந்தாலே போதும்.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் இன்னொன்றையும் பதிவு செய்தார். விண்வெளி ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு 100-ல் 1 என்று வேலை செய்யும் பொறியாளர்கள் மதிப்பிட்டார்கள். நிர்வாகமோ 1,00,000-ல் 1 என்றது. ஒரே இயந்திரம், இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே 1,000 மடங்கு வித்தியாசம்.

ஒவ்வொரு யூனிட்டுக்குப் பின்னாலும் ஒரு வேலை

‘இதெல்லாம் யார்தான் கண்டுபிடிச்சாங்களோ!’ என்று அலுத்துக்கொள்ளும் பாடங்கள் பலவும், யாரோ ஒருவருக்கு வேலையிடத்தில் வந்த தலைவலியிலிருந்து பிறந்தவைதான்.

டி-டெஸ்ட்டை 1908-ல் வெளியிட்ட வில்லியம் கோசெட், டப்ளினில் இருந்த கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். கையில் இருக்கும் சில சாம்பிள்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலை. சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். அதனால்தான் இன்றும் அது ‘ஸ்டூடன்ட்ஸ் டி’.

குயூயிங் தியரிக்கு அடித்தளம் போட்ட ஏ.கே.எர்லாங், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை செய்தவர். எத்தனை லைன் போட்டால் வாடிக்கையாளர்கள் காத்திருக்காமல் பேச முடியும் என்பதுதான் அவருடைய கேள்வி. அவருடைய முதல் கட்டுரை 1909-ல் வந்தது.

அவர் தொடங்கிவைத்த கணக்கு இன்றைக்கு என்ன சொல்கிறது? ஒரே ஒரு கவுன்டர். ஒருவருக்கு டிக்கெட் கொடுக்கச் சராசரியாக 1 நிமிடம். ஆக, மணிக்கு 60 பேரைக் கவனிக்கலாம். மணிக்கு 30 பேர் வந்தால், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வெளியேற ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 54 பேர் வந்தால் 10 நிமிடம். 57 பேர் வந்தால்? 20 நிமிடம்! மூன்றே மூன்று பேர் கூடியதற்கு நேரம் இரண்டு மடங்கு. சிலபஸில் எம்/எம்/1 என்று வரும் மாடல் சொல்வது இதைத்தான். ரிசல்ட் வெளியாகும் நாளில் வெப்சைட் திடீரென முடங்குவதற்குப் பின்னாலும் இந்தக் கணக்கின் கை உண்டு.

பாய்சானுக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டுகள், குறிப்பிட்ட சில பகுதிகளைக் குறிவைத்தே விழுகின்றனவா என்ற சந்தேகம் இருந்தது. ஆர்.டி.கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்காளர், தெற்கு லண்டனை 576 சம கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளையும் எண்ணினார். ஒரு குண்டுகூட விழாத கட்டங்கள் 229. எங்கு வேண்டுமானாலும் விழுகிறது என்று எடுத்துக்கொண்டால், பாய்சான் கணிக்கும் எண்ணிக்கை 227. அதாவது, பார்வைக்குக் குவியலாகத் தெரிந்ததில் குறி எதுவும் இல்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு விபத்துகள் நடந்தவுடன் ‘அங்கே ஏதோ இருக்கு’ என்று நினைக்கும் மனசுக்கு, இந்தக் கணக்கு நல்ல மருந்து.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்டிமேஷன் தியரியில் வரும் ‘கிராமர்-ராவ்’ விதியின் ராவ், இந்தியாவின் சி.ஆர்.ராவ். 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பெரிய சாம்பிளுக்குப் பொருந்தும் ஒரு முடிவைச் சொல்ல, ‘சின்ன சாம்பிளுக்கும் இதை நிரூபிக்க முடியாதா?’ என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குத் தேடிய விடைதான் 1945-ல் கட்டுரையாக வந்து, அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டு சென்றது. புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு 2023-ல், அவரது 102-வது வயதில் அறிவிக்கப்பட்டது. கிளாஸில் கை தூக்கிக் கேள்வி கேட்கத் தயங்குபவர்கள், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்!

சரி, எப்படிப் படிப்பது?

பரீட்சையையும் தாண்டி இந்தப் பாடம் கையில் நிற்க, சில எளிய பழக்கங்கள் உதவும்.

1. ஃபார்முலாவுக்கு முன்னால் ஒரு வரி: கணக்கைத் தொடங்கும் முன், ‘எதில் எத்தனை கேட்கிறார்கள்?’ என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ‘விளக்கு எரிந்த போல்ட்டுகளில், பழுதானவை எத்தனை?’ என்று எழுதிவிட்டால், பேயஸில் எது மேலே, எது கீழே என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

2. சதவிகிதத்தை ஆட்களாக மாற்றுங்கள்: 0.01, 0.05 என்று தசமப் புள்ளிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். 10,000 பேர், 10,000 போல்ட் என்று எடுத்துக்கொண்டு எண்ணுங்கள். விடை வந்த பிறகு ஃபார்முலாவில் போட்டுச் சரிபாருங்கள்.

3. கம்ப்யூட்டரில் விளையாடிப் பாருங்கள்: பைத்தானில் 1 முதல் 365 வரை 60 ரேண்டம் எண்களை எடுத்து, ஏதாவது ஓர் எண் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். அதையே 10,000 முறை ஓட விடுங்கள். சுமார் 9,940 முறை ‘ஆமாம்’ என்று வரும். பத்துப் பதினைந்து வரி கோடு போதும். கோடிங் தெரியாதவர்கள் எக்செல் ஷீட்டிலேயே ஒரு வகுப்பை உருவாக்கி, மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்க்கலாம். 99.4 என்ற எண்ணைப் புத்தகத்தில் படிப்பதைவிட, இப்படிப் பார்த்தால் மறக்காது.

4. நிபந்தனையைக் கேளுங்கள்: எந்த மாடலும் சில நிபந்தனைகளோடுதான் வரும். பாய்சான் போட்டால், நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதவை, சராசரி மாறாமல் இருக்கிறது என்று பொருள். தீபாவளிக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு வரும் கூட்டத்தை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையின் சராசரியை வைத்துக் கணக்குப் போட முடியாது.

5. கடைசி வரியைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்: ஹைபாத்தஸிஸ் டெஸ்ட்டில் ‘ரிஜெக்ட்’ என்று எழுதியதோடு நிறுத்தாதீர்கள். ‘புது மெஷின்ல வர்ற பைப்போட சராசரி நீளம் பழையபடி இல்லை, இவ்ளோ வித்தியாசம் தற்செயலா வர்றது அபூர்வம்’ என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கே படிக்கலாம், எதற்குப் பயன்படும்?

என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வீடியோ பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. ஆன்லைனில் நடக்கும் சென்னை ஐஐடி-யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில், அடிப்படை நிலையிலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டு பேப்பராக வைக்கப்பட்டுள்ளது.

கேட் தேர்வு எழுதுபவர்களுக்கு, பெரும்பாலான இன்ஜினீயரிங் தாள்களின் கணிதப் பகுதியில் இந்தப் பாடம் இருக்கிறது. 2024-ல் அறிமுகமான டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ தாளின் சிலபஸ் தொடங்குவதே ‘ப்ராபபிலிட்டி அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற தலைப்பில்தான். டேட்டா அனலிஸ்ட், குவாலிட்டி இன்ஜினீயர், மெஷின் லேர்னிங் வேலைகளுக்கான இன்டர்வியூக்களில் பேயஸ் கணக்கு கேட்கப்படுவது சகஜம். அங்கே விடையைவிட, அதற்கு எப்படி வந்தீர்கள் என்பதைத்தான் அதிகம் கவனிப்பார்கள்.

இந்த செமஸ்டரில் இந்த பேப்பர் இருப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம். உங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய பிறந்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். 60 பேர் இருந்தால், ஒரே தேதி வரும் ஜோடி அநேகமாகச் சிக்கிவிடும். சிக்காவிட்டால், கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை. 1,000-ல் 6 வகுப்புகளுக்கு அப்படி நடக்கும்!